அவித்த மண்

இட்லிக் கொப்பரையில் மண்ணை அவித்தவளை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். தன்ஷிகா அவித்தாள். ஊர்ச்சனம் முழுக்கக் கண்மாய் தூர்வாரப் போயிருந்த ஒரு மத்தியான வேளையில், அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, தட்டில் துணி விரித்து, மாவு ஊற்றுகிற குழியில் ஈர மண்ணைப் பரப்பி மூடியைப் போட்டாள். ஒரு ஈடு இட்லி வேகப் பத்து நிமிஷம் போதும். இதற்கு மூன்று ஈட்டு நேரம் விட்டாள். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவள். பாவத்தையும் அப்படித்தான் செய்தாள்.

நாற்பத்தாறு வயசுக்காரி. அந்தத் தலைமுறையில் பெண் பிறந்த வீட்டிலெல்லாம் ‘ஷிகா’ என்றோ ‘ஷிதா’ என்றோ முடிகிற பேராக வைத்துத் தள்ளினார்கள். ஆளுக்கு நரை விழுந்த பிறகும் பேர் மட்டும் எல்.கே.ஜி. வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. மண் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷம் டெக்னீஷியனாக இருந்தாள். கல்யாணம் ஆகி, அது முறிந்து, இப்போது தனிக்கட்டை.

கடல் உள்ளே ஏறி, கரையோரச் சனமெல்லாம் மேட்டு நிலத்துக்குக் கிளம்பி, ரேஷன் அரிசியும் பேருக்குத்தான் என்று ஆன பிறகு, சோறு வேண்டுமானால் அவரவர் விளைவித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. கமுதிக்குத் தெற்கே சீமைக்கருவேலங் காட்டைத் திருத்தி, வீட்டுக்கு முப்பது சென்ட் என்று பிரித்துக் கொடுத்தார்கள். நாற்பது வீடு. ஊருக்குப் பேரும் நாற்பதுமனை என்றே விழுந்துவிட்டது. கடைசி மனை, பழைய செங்கல் சூளை இருந்த இடம், தன்ஷிகாவுக்கு.

அந்தப் பொட்டலில் தனித்தனியாகப் பாடுபட்டிருந்தால் ஒரு குடும்பமும் தேறியிருக்காது. தேற்றியது வெள்ளைநூல். ஆராய்ச்சிக் கூடத்தில் யாரோ உருவாக்கிய ஒரு பூஞ்சை. அதற்கு நீளமாக ஒரு லத்தீன் பேர் உண்டு, தன்ஷிகாவைத் தவிர யாருக்கும் வாயில் நுழையாது.

அந்த வருஷம் ஆனி மாசம் நாற்பத்தோராவது குடும்பமாக ஜெனிஷாவும் அவள் புருஷன் ரூபனும் வந்து இறங்கினார்கள். கடலோரத்து ஆட்கள். மீன் ஆயிரம் வகை தெரியும், கத்திரிச்செடியையும் தக்காளிச்செடியையும் பக்கத்தில் வைத்தால் முழிப்பார்கள். தன்ஷிகாவின் மனைக்கு அடுத்தாற்போல் புதிதாக அளந்த நிலம் அவர்களுக்கு விழுந்தது. தை மாசம் அதிகாரி வந்து பார்க்கும்போது பாதி நிலமாவது பச்சையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மனை பட்டியலில் அடுத்தவருக்குப் போகும், இவர்கள் தகரக் கொட்டகை முகாமுக்கே திரும்ப வேண்டும். ஜெனிஷா மூன்று வருஷம் அந்தத் தகரத்துக்குக் கீழே வெந்தவள். ஒரு பிள்ளையை அங்கேதான் பறிகொடுத்தாள்.

வந்த அன்றைக்கே வெள்ளைநூலைப் பற்றித் தன்ஷிகாவிடம் துருவித் துருவிக் கேட்டாள்.

“வேரோட ஒட்டிக்கிட்டு வளரும். ஒரு வீட்டு வேர்லருந்து அடுத்த வீட்டு வேருக்குத் தாவும். எங்க ஈரம் கூட இருக்கோ அங்க உறிஞ்சும், எங்க காயுதோ அங்க கொண்டுபோய்க் குடுக்கும். சத்தும் அப்படித்தான்” என்றாள் தன்ஷிகா.

“யார் வீடுன்னு பாக்காதாக்கா?”

“அதுக்கென்ன கண்ணா இருக்கு.”

“எங்க ஊர்ல கரைவலை இழுக்கையில, கயித்தப் புடிச்சவன் எவனா இருந்தாலும் அவனுக்கு மீன் உண்டு. அது மாதிரிதான?”

அது மாதிரிதான் என்றாள் தன்ஷிகா. அதைச் சொன்னபோது அவள் மனசில் ஒரு கள்ளமும் இல்லை.

வெள்ளைநூலைப் பாக்கெட்டில் அடைத்து விற்க முடியாது. உயிருள்ள மண்ணோடு மண்ணாகத்தான் இடம் மாறும். ஒரு வீட்டு மண் ஒரு பிடி போனாலே போதும், நாற்பது நாளில் ஊரோடு பின்னிக்கொள்ளும். ஆனால் சனங்கள் அதைச் சும்மா விடுவார்களா? சாமிக்குப் பிடிமண் எடுக்கிற வழக்கம் ரத்தத்தில் ஊறியது. புதுக் குடும்பம் வந்தால் வீட்டுக்கு ஒரு பிடி வயல்மண் ஒரு பானையில் போட வேண்டும் என்று ஏற்பாடு. பெரிய கை, சின்னக் கை என்று பேச்சு வரக்கூடாதென்று பானைமேல் துண்டைப் போட்டு மூடி, மாட்டுச் சந்தையில் விலை பேசுகிற மாதிரி துண்டுக்கு அடியில்தான் கை போகும். மண் போட்ட வீடு அதோடு தப்பிக்க முடியாது. அந்தக் குடும்பத்துக்கு உழவா, களையெடுப்பா, காய்ச்சலா, ஒத்தாசைக்குப் போய் நிற்க வேண்டும். பானை ஒருநாள் தன்ஷிகா வீட்டில் இருக்கும். நோய் ஏதும் உண்டா என்று பார்த்து, மறுநாள் காலையில் அவள் கையாலேயே புதுக் குடும்பத்திடம் எடுத்துக் கொடுப்பாள்.

ஜெனிஷா குடும்பத்துக்காகப் பானை வைத்த அன்று, காலையில் முதல் ஆளாகத் தன்ஷிகாதான் தன் கத்திரிப் பாத்தியிலிருந்து ஒரு பிடி அள்ளி மனசாரப் போட்டாள். பத்து மணிக்கு ஜெனிஷா நிலத்து மண்ணைச் சோதித்த முடிவு கைக்கு வந்தது. சுத்தக் களர். உப்பு அப்படி ஏறிக் கிடந்தது. இப்படி ஒரு நிலம் நூலில் சேர்ந்தால், மழை பொய்க்கிற வருஷத்தில் அக்கம்பக்கத்து ஈரத்தையெல்லாம் இழுத்துக் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்று கேட்கும். எல்லா வீட்டு மண்ணும் விழுந்த பானை அவள் வீட்டுக்கு வந்தது. பன்னிரண்டு மணிக்குக் கொப்பரை அடுப்பில் ஏறியது.

நாற்பது வீட்டுக்காகத்தான் செய்கிறேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய் என்று அவளுக்கே தெரியும். முதலில் வாடப்போவது அவளுடைய கத்திரிச்செடி. நூலுக்கு முந்திய காலத்தில் ஒரு கோடை முழுக்க ரேஷன் கடைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவள் அவள். அந்த வரிசையின் பயம் இன்னும் வயிற்றில் இருந்தது. தனக்கு மிஞ்சித்தானே தானம் என்று மூடியைத் திறந்து ஆவி போக விட்டாள்.

மறுநாள் ஜெனிஷா அந்த மண்ணை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரூபன் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து குழியில் போட்டான். முகேஷ் அண்ணன் தலைமையில் ஊரே கைதட்டியது. முகேஷ் அண்ணன்தான் நூல் சங்கத்துச் செயலாளர், மீசை மட்டும் அரைக்கிலோ தேறும். தன்ஷிகாவும் தட்டினாள். கை தட்டுவதில் என்ன கஷ்டம்?

நூல் பிடித்துவிட்டால் ஓர் அடையாளம் தெரியும். பக்கத்து மனைச் செடிகள் இரண்டு மூன்று நாள் தலை தொங்கி, பிறகு நிமிரும். நாற்பது நாள் ஆயிற்று, ஐம்பது ஆயிற்று, தன்ஷிகாவின் செடி ஒன்றும் தலை தொங்கவில்லை. ஜெனிஷா தினமும் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். களர் மண்ணில் மெதுவாகத்தான் ஓடும், பொறுத்திரு என்று தன்ஷிகா சொல்லிவைத்தாள். ஒரு பொய்யை நட்டால் அது தானாகக் கிளை விடும், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

ஜெனிஷா பொறுத்திருந்தாள். சும்மா இருக்கவில்லை. யார் வீட்டில் களையெடுப்பு என்றாலும் அவள்தான் முதலில் போய் நிற்பாள். ரூபன் ஊர்க் கிணறு தூர்வாரினான், வேலி கட்டினான், முகேஷ் அண்ணனின் கொட்டிலுக்குக் கூரை போட்டுக் கொடுத்தான். அவர்கள் நிலத்துக்கும் ஆட்கள் வந்தார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. வந்து, வெளுத்துக் கிடக்கிற மண்ணைப் பார்த்து உச்சுக்கொட்டி, கடல்காரங்களுக்கு விவசாயம் கைவராது என்று திரும்பும் வழியில் பேசிக்கொண்டு போனார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் தன்ஷிகாவுக்கு வாயைத் திறக்க வேண்டும்போல் இருக்கும். திறக்கவில்லை.

புரட்டாசி பிறந்தும் மழை ஏமாற்றிவிட்டது. லாரித் தண்ணீர் வீட்டுக்கு நாலு குடம் என்று ஆனது. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். ஒருநாள் காலையில் தன்ஷிகா வேலியோரம் போனபோது, ஜெனிஷா இரண்டு குடத்தை வரப்பில் வைத்து, சொம்பு சொம்பாக மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் நின்ற இடத்தில் செடியே இல்லை.

“என்ன பண்ற நீ?”

“எங்க மண்ணுலதான் ஒண்ணும் வரமாட்டேங்குதே. ஊத்துற தண்ணியாவது நூல் வழியா ஊருக்குப் போகட்டும்கா. எல்லாரும் கஷ்டப்படுறாங்க. வாங்குற பக்கத்துலயே நின்னா நல்லாவா இருக்கு?”

வேண்டாம், குடிக்க வைத்துக்கொள் என்றாள் தன்ஷிகா. ஏன் என்று ஜெனிஷா கேட்டாள். அந்த ஏனுக்குப் பதில் ஒன்றுதான் உண்டு. வெயில் ஏறுகிறது என்று முனகிவிட்டு வீட்டுக்குள் வந்து, குடத்தடியில் முகம் கழுவப் போனவள், சொம்பைக் கையில் எடுக்காமலே நின்றாள்.

அது ஒருநாள் வேலை இல்லை. ஐம்பது நாள் அப்படி ஊற்றினார்கள். மிச்சம் இரண்டு குடத்தில் குடும்பம் நடந்தது. கார்த்திகைத் தொடக்கத்தில் ரூபன் வேலியடியில் சுருண்டு விழுந்தான். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் கிடந்து கிட்னி இரண்டும் பழுதாகிவிட்டது, இனி பாரம் தூக்கக்கூடாது, பாதி ஆள்தான் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அதிகாரியின் கடிதமும் வந்தது. தை இருபதாம் தேதி பார்வையிடல்.

தன்ஷிகாவுக்குச் சோறு இறங்கவில்லை. கொலை செய்தவளுக்குக்கூட ஒரு தண்டனை தேதி இருக்கும், தனக்கு அதுவும் இல்லையே என்று நினைத்தாள். பிறகு ஒரு யோசனை வந்தது. பரிசோதனைக் கூடத்துப் பழக்கம், எந்த மண் கைக்கு வந்தாலும் முதலில் இரண்டு கரண்டி எடுத்துப் பாட்டிலில் போட்டு நிழலில் வைத்துவிடுவாள். அவிக்கும் முன்பு அந்தப் பானையிலிருந்தும் எடுத்து வைத்திருந்தாள். மண்ணோடு இருந்தால் நூல் மாசக்கணக்கில் தூங்கும், ஈரம் பட்டால் எழும். அன்றைக்குக் கொடுக்க வேண்டியதையே இன்றைக்குக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் இட்டுவிட்டால் என்ன? தாமதம் ஒன்றுதானே குற்றமாகும்?

உயிர் இருக்கிறதா என்று பார்க்க மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஒரு சிட்டிகையில் ஒன்றும் இல்லை. இன்னொரு சிட்டிகையில் தார்த் துணுக்கு இருந்தது. வயல்மண்ணில் தார் எப்படி வரும்? அடுத்ததில் அடுப்புச் சாம்பல். அடுத்ததில் கண்மாய்க்கரை நத்தையோட்டுத் தூள். வீடு கட்டக் கொட்டிய மணல், மாட்டுக் கொட்டில் புழுதி, ரோட்டோரத்துச் சரளை. பாட்டிலைக் காகிதத்தில் கொட்டி, காலை முழுக்கக் குனிந்து துழாவினாள். கடைசியில் ஒரே ஓர் இடத்தில் வெள்ளையாக நூல் தெரிந்தது. ஒரு சிவப்புச் செங்கல் பொடியைச் சுற்றிக்கொண்டு, உயிரோடு இருந்தது.

ஊரில் செங்கல் பொடி கலந்த வயல் ஒன்றுதான் உண்டு. அது சூளை இருந்த நாற்பதாம் மனை.

அப்படியே எழுந்து முகேஷ் அண்ணன் வீட்டுக்குப் போய் நேராகக் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“ரோட்டோரத்துல அள்ளுனேன் தாயி. களருன்னு பாத்தாலே தெரியுதே. அம்புட்டுப் பேரு போடுறாக, நம்ம ஒரு பிடி கொறஞ்சா என்னான்னு நெனச்சேன். எல்லாரும் அப்பிடியே நெனப்பாகன்னு நான் கண்டனா? எப்பிடியும் நீ நல்ல மண்ணு போட்டிருப்பேன்னு ஒரு தைரியம். ஒரு பிடி போதும்னு நீதான சொல்லியிருக்க.”

தன்ஷிகா திரும்பி நடந்தாள். வழியில் ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், நெஞ்சு லேசானது. ஊரே சேர்ந்து செய்த பாவம், எனக்கு அதில் நாற்பதில் ஒரு பங்கு. அப்புறம் கணக்கு வேறு மாதிரி விழுந்தது. முப்பத்தொன்பது பேர் செத்த மண்ணைப் போட்டார்கள். அவர்களால் ஒரு கெடுதலும் இல்லை, அவள் பிடி ஒன்றே போதுமாயிருந்தது. அந்த ஒரே உயிரை எடுத்துக் கொப்பரையில் வைத்தவள் அவள்தான். நடுத்தெருவில் நின்று அழுதாள்.

மறுநாள் காலை பத்து மணி, ஊர் முழுக்கக் கண்மாய்க்கரையில் கூடி லாரிக்குக் காத்திருந்த நேரம். தன்ஷிகா தன் பாத்தியிலிருந்து ஒரு கூடை மண்ணை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் கண்ணெதிரே நடந்து போய் ஜெனிஷா நிலத்தில் கொட்டிக் கொத்திவிட்டாள். துண்டு மூடவில்லை.

சாயங்காலமே முகேஷ் அண்ணனும் ஆறேழு பேரும் மண்வெட்டியோடு வந்தார்கள். நூல் முழங்கால் ஆழத்துக்குக் கீழே போகாது, சுண்ணாம்பைத் தாண்டாது. தன்ஷிகா மனையின் ஊர்ப் பக்கம் முழுக்கப் பள்ளம் வெட்டிச் சுண்ணாம்பு நிரப்பினார்கள். உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை, பிள்ளைகுட்டிக்காரர்கள் பயப்படுகிறார்கள் என்று முகேஷ் அண்ணன் சொன்னார். போகும்போது சுண்ணாம்பு பட்ட கையைக் கழுவத் தண்ணீர் கேட்டார், அவளும் கொடுத்தாள். நாற்பது வீட்டு உறவு அத்தோடு முடிந்தது. மிஞ்சியது இரண்டு மனை.

மார்கழி கடைசியில் தன்ஷிகாவின் கத்திரி தலை தொங்கியது. இரண்டு நாளில் நிமிரவில்லை, நிமிராது என்றும் தெரியும். முப்பது சென்ட் தாகத்தை ஒற்றை நிலம் தாங்க வேண்டும். பாதிச் செடி காய்ந்தே போனது. வேலிக்கு அந்தப் பக்கம், மாசக்கணக்கில் விரலளவே நின்றிருந்த கொத்தவரையும் கீரையும் வெளுப்பு நீங்கித் தழைத்தன. தன்ஷிகா தினமும் காலையில் தன் நிலத்தைப் பார்க்காமல் அந்த நிலத்தைத்தான் போய்ப் பார்த்தாள்.

இதோடு விட்டிருந்தால் அவள் எப்படியோ பொழுதைத் தள்ளியிருப்பாள். ஜெனிஷா விடவில்லை. எங்கிருந்தோ கிடைத்த நெத்திலிக் கருவாட்டைக் குழம்பு வைத்து, கிண்ணத்தோடு வேலியோரம் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“முகேஷ் அண்ணன் வாயாலயே சொல்லிட்டாருக்கா. ஊரே செத்த மண்ணப் போட்டிருக்கு, நீங்க ஒருத்தர்தான் நெச மண்ணு போட்டீங்கன்னு. அது பத்தாம இப்ப எங்களுக்காக ஊரையே பகைச்சிட்டீங்க. எங்கம்மா இருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டா.”

வாயை மூடிக்கொண்டு கிண்ணத்தை வாங்கிக்கொண்டால் போதும். பார்த்தவர் யாரும் இல்லை. கொப்பரையா வந்து சாட்சி சொல்லப் போகிறது? செய்ததற்குப் பரிகாரமும் செய்தாயிற்று, பாதி வயலைக் கொடுத்தாயிற்று. இப்போது சொல்லி அந்தப் பெண்ணுக்கு என்ன லாபம்? இத்தனையும் தன்ஷிகாவுக்குத் தோன்றியது. எல்லாம் நியாயமாகவும் இருந்தது. நியாயமாக இருந்ததால்தான் அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. மண்ணை அவித்த அன்றைக்கும் நியாயம் இப்படித்தான் வரிசையாக வந்து நின்றது.

“நான் போட்ட மண்ணுலதான் உயிர் இருந்துச்சு. அத அவிச்சதும் நான்தான்” என்றாள்.

ஜெனிஷாவுக்குப் புரியவில்லை. தன்ஷிகா ஒன்றுவிடாமல் சொன்னாள். களர் என்று தெரிந்தது, கதவைச் சாத்தியது, மூன்று ஈட்டு நேரம், பிறகு சொன்ன ஒவ்வொரு பொய்யும். சொல்லும்போது மன்னிப்பு என்ற வார்த்தை இரண்டு தரம் வாய்வரை வந்தது. கேட்க யோக்கியதை இல்லையென்று விழுங்கிக்கொண்டாள்.

ஜெனிஷா கிண்ணத்தை வரப்பில் வைத்தாள்.

“அப்ப நான் ஊத்துன தண்ணி?”

“எங்கயும் போகல.”

“அவர் குடிக்க வேண்டிய தண்ணி.”

“ஆமா.”

ஜெனிஷா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தன்ஷிகா பிழைத்திருப்பாள். வீட்டுக்குள்ளிருந்து ரூபன் இருமுகிற சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“இந்த நூல இப்பமே வெட்டிப் போடணும்போல இருக்கு. வெட்ட மாட்டேன். அவருக்குக் கஞ்சி வேணும். நாங்க இங்கதான் இருந்தாகணும். ஆனா இனிமே உங்கள அக்கான்னு கூப்பிட என்னால முடியாது.”

தை இருபதாம் தேதி அதிகாரி அம்மா ஜீப்பில் வந்தாள். பாதிக்கு மேலேயே பச்சை. களரில் இவ்வளவு எடுத்தது பெரிய விஷயம், பக்கத்து மனையின் உதவியா என்று விசாரித்தாள். ஆமாம் மேடம், நாற்பதாம் மனை என்று ஜெனிஷா உள்ளதைச் சொன்னாள். அதற்கு மேல் சொல்லவில்லை. மனை அவர்கள் பேருக்கு உறுதியானது. வேலியடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ரூபன் எழுந்து கும்பிட்டான்.

முதல் விளைச்சலை நூலில் உள்ள வீடுகளுக்குச் சரிசமமாகப் பிரித்துக் கொடுப்பது நாற்பதுமனை வழக்கம். ஒரு வாரம் கழித்துத் தன்ஷிகா வாசலில் சத்தம் கேட்டது. ஜெனிஷா ஒரு சாக்கோடு நின்றாள். உள்ளே கொத்தவரை, ஒரு காய்கூடக் குறையாத பாதி. பூச்சி அரித்த காயையும் சொத்தையையும் தன் பாதியில் வைத்துக்கொண்டு நல்லதாகப் பார்த்துக் கொண்டுவந்திருந்தாள்.

“வை ஜெனிஷா, ரூபனுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று தன்ஷிகா கேட்டாள்.

ஜெனிஷா சாக்கை வாசற்படியில் இறக்கினாள். ஜீப்பில் வந்த அம்மாவிடம் பேசிய அதே மரியாதையோடு, அதே தூரத்தில் நின்றாள்.

“பரவாயில்ல மேடம். இது உங்க பாதி, மேடம். எண்ணிப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.